ஈயம் ஒட்டினால் ஆட்டம் நிற்குமா?

(மூன்றாம் ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு)



ஆண்டு மலர் என்றால் கவிதை இருக்கும், நட்பு இருக்கும், வேலையில்லாத் திண்டாட்டம் பற்றி ஒரு கட்டுரை கட்டாயம் இருக்கும். டயரைப் பற்றி யாரும் எழுத மாட்டார்கள். ஆனால் நாம் படிப்பது டிப்ளமோ. நாளைக்கு நமக்குச் சோறு போடப்போவது டயரும் நட்டும் போல்ட்டும்தான். அதனால் நம்ம தொழிலைப் பற்றியே ஒரு கருத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

கருத்து ஒன்றே ஒன்றுதான். பெரிய டயர் போட்ட வண்டி உதறினால், உடனே சக்கரத்தைக் கழற்றி பாலன்சிங் மிஷினில் ஏற்றி ஈயத்தை ஒட்டுவது வைத்தியம் ஆகாது. என்ன காய்ச்சல் என்று பார்க்காமல் மாத்திரை கொடுப்பது மாதிரி அது. முதலில் காரணத்தைத் தேட வேண்டும். ஈயம் கடைசியில்தான் கைக்கு வர வேண்டும். அந்தத் தேடுதலைக் கற்றுக்கொள்ளாமல் வெளியே போனால் நம் கையில் இருப்பது டிப்ளமோ இல்லை, வெறும் காகிதம்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

எங்கள் பக்கம் போடிநாயக்கனூர், தேவாரம், கம்பம் ஊர்களில் விடிகாலையில் போய்ப் பாருங்கள். ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மலை ஏறும். போடிமெட்டுப் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். அதைத் தாண்டினால் தோட்டத்துக்குள் மண் பாதை, மழைக்காலத்தில் சேறு, பாறை. சாதா டயர் அங்கே நிற்காது. அதனால்தான் பெரிய பல் வைத்த டயர் போடுகிறார்கள்.

அந்த ஜீப் ஒன்றில்தான் எங்க அம்மா தினமும் வேலைக்குப் போகிறார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மா தோட்டத்தில் காய் எடுத்த கூலியில்தான் என் பரீட்சைக் கட்டணம் போனது. ஆகவே அந்த ஜீப்பின் முன்சக்கரம் ஏன் உதறுகிறது என்பது எனக்குப் பாடப்புத்தகக் கேள்வி இல்லை. ஸ்டியரிங் உதறுவதை "பெரிய டயர்னா அப்படித்தான்" என்று விட்டுவிட்டால், அந்த உதறலுக்குப் பின்னால் தேய்ந்த கிங்பின் இருக்கலாம், உள்ளே நூல் பிரிந்த டயர் இருக்கலாம். வளைவில் அது கைவிட்டால் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் கதி என்ன? யோசித்துப் பாருங்கள்.

புத்தகம் சொன்னதும் சொல்லாததும்

பாலன்சிங் பாடம் நம் எல்லோருக்கும் தெரியும். ஏ, பி, சி, டி என்று நாலு எடை, நாலு கோணம். ஸ்கேல் வைத்துப் பலகோணம் வரைவோம். மூடாமல் நிற்கிற பக்கம்தான் வைக்க வேண்டிய எடை. மார்க் வந்துவிடும். அந்தக் கணக்கை நான் குறை சொல்ல மாட்டேன். அதை நிஜ டயரில் போட்டுப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

31 க்கு 10.5, ஆர் 15 என்று ஒரு டயர். உயரம் 31 அங்குலம், அகலம் பத்தரை அங்குலம், ரிம் 15 அங்குலம். பாரத்தில் அமுங்கியபின் மையத்திலிருந்து ரோடு வரைக்கும் சுமார் 38 செ.மீ. வண்டி 80 கி.மீ. வேகத்தில் போனால் சக்கரம் நொடிக்கு ஒன்பது சுற்றுக்கு மேல் சுற்றும். இப்போது ரிம்மின் உள்பக்கம், மையத்திலிருந்து 20 செ.மீ. தூரத்தில், 200 கிராம் சேறு காய்ந்து ஒட்டியிருக்கிறது என்று வையுங்கள். எம் ஆர் ஒமேகா ஸ்கொயர் போட்டால் கிட்டத்தட்ட 137 நியூட்டன் வரும். அதாவது 14 கிலோ பாரத்தை ஒருவன் சக்கரத்தில் கட்டி, நொடிக்கு ஒன்பது தடவை மேலேயும் கீழேயும் இழுப்பதற்குச் சமம். வெறும் 200 கிராம் சேறு செய்கிற வேலை! அதே வண்டி 40 கி.மீ. வேகத்தில் போனால் அந்த இழுப்பு நாலில் ஒரு பங்குதான். மலைப்பாதையில் தெரியாத உதறல் போடி–தேனி சாலையில் தெரிவது இதனால்தான்.

இன்னொன்று. டயரின் பல் பக்கத்தில் 100 கிராம் கனம் கூடுதலாக இருந்தால் அது மையத்திலிருந்து 38 செ.மீ. தள்ளி இருக்கிறது. ஈயம் ஒட்டுவதோ ரிம்மில், 20 செ.மீ. தூரத்தில். அப்படியானால் 100 கிராமைச் சமன் செய்ய 190 கிராம் வேண்டும். டயர் பெரிதாக ஆக, ஈயம் அதிகம் கேட்பது இதனால்தான். அகலமும் கூடுவதால் ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் போதாது. உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டிலும் சமன் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் குதிக்காது, ஆனால் இடவலமாக ஆடும். வெளியே தெரிந்தால் அலாய் வீலின் அழகு கெடும் என்று உள்பக்கமே ஒட்டச் சொல்கிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

இதுவரை புத்தகம் நமக்குத் துணை. ஆனால் ஒரு விஷயத்தைப் புத்தகக் கணக்கு எடுத்துக்கொள்வதே இல்லை. சக்கரம் வட்டமாக இருக்கிறது என்று அது முதலிலேயே நம்பிவிடுகிறது. நிஜத்தில் பெரிய டயர் பல சமயம் வட்டமாக இருப்பதில்லை. பாலன்ஸ் செய்த முட்டையும் முட்டைதான், நண்பர்களே! உருட்டினால் குதிக்கத்தான் செய்யும்.

ஜீரோ காட்டிய மிஷின்

எங்கள் தெருவில் ஜீப் ஓட்டும் மாமா ஒருவர் முன்பக்கம் இரண்டு பெரிய டயர் மாற்றினார். 60 தாண்டியதும் ஸ்டியரிங் கையில் நிற்கவில்லை. டவுனில் ஒரு டயர் கடைக்குப் போனார். பெயர் வேண்டாம். மூன்று தடவை போனார். மூன்று தடவையும் காசு வாங்கிக்கொண்டு ஈயம் ஒட்டி அனுப்பினார்கள். கடைசியில் ஒரு சக்கரத்தில் மட்டும் 240 கிராம் ஈயம் இருந்தது. உதறல் அப்படியே இருந்தது. "மிஷினே ஜீரோ காட்டுச்சே மாப்ள, அப்புறம் என்ன கேடு?" என்று என்னிடம் கேட்டார்.

அவரோடு ஒரு சின்ன ஒர்க் ஷாப்புக்குப் போனேன். அங்கே இருந்த மெக்கானிக் அண்ணன் ஆறாம் வகுப்போடு நின்றவர். ஜாக்கி போட்டு ஸ்டாண்டு வைத்தார். ஒரு செங்கல்லின் மேல் சாக்பீஸை அசையாமல் பிடித்து, டயரைக் கையால் மெதுவாகச் சுற்றச் சொன்னார். சாக்பீஸ் டயரின் ஒரு கால் பாகத்தில் மட்டும் கோடு போட்டது. மற்ற இடத்தில் தொடவே இல்லை. அடுத்து சாக்பீஸை ரிம் ஓரத்தில் பிடித்தார். சுற்று முழுக்க ஒரே மாதிரி கோடு.

"இங்கன பாரு தம்பி. ரிம்மு நேராத்தான் சுத்துது. டயருதான் மேடு பள்ளமா சுத்துது. பீடு உட்காரல" என்றார். டயரின் பக்கச்சுவரில், ரிம்மை ஒட்டிச் சுற்றிலும் ஒரு மெல்லிய வரி இருக்கும். அது ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஓர் இடத்தில் அந்த வரி ரிம்முக்குள் மறைந்து கிடந்தது.

காற்றை இறக்கி, பீடைப் பிரித்து, சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி காற்று ஏற்றினார். வரி சுற்றிலும் சரியாக வந்தது. பழைய ஈயத்தை எல்லாம் பிடுங்கிவிட்டு மிஷினில் போட்டபோது அது கேட்டது 60 கிராம்தான். உதறல் நின்றது.

அப்போது அவர் என்னைக் கேட்டார்: "நீ படிச்ச புள்ள. மிஷின்ல ஜீரோ வந்த சக்கரம் ரோட்டுல மட்டும் ஏன் உதறுது? அத நீ சொல்லு." நான் சொன்னேன்: "அண்ணே, மிஷின் சக்கரத்த காத்துல சுத்துது. பாரம் இல்ல, தரை இல்ல. எந்தப் பக்கம் கனம்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். வட்டமா இருக்கா, ஒரு பக்கம் விறைப்பா இருக்கான்னு தரையில பாரத்தோட உருண்டாத்தான் தெரியும்." அவர் தலையாட்டினார். அவர் கைக்குத் தெரிந்ததற்கு என் பாடத்தில் காரணம் இருந்தது. என் பாடத்துக்குத் தெரியாத சாக்பீஸ் அவர் கையில் இருந்தது.

தேடுவது எப்படி?

நான் இவரிடமும் வேறு சிலரிடமும் பார்த்தது, புத்தகத்தில் படித்தது இரண்டையும் சேர்த்து ஒரு வரிசை போட்டு வைத்திருக்கிறேன். நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. முதலில் டிரைவரிடம் கேளுங்கள். எப்போது உதறுது? 70, 80 என்று ஒரு வேகத்தில் வந்து, தாண்டினால் குறைகிறதா? பாலன்ஸ் சந்தேகம் சரி. 20, 30லேயே தள்ளாடுகிறதா? வட்டம் கெட்டிருக்கும், ரிம் வளைந்திருக்கும், அல்லது டயருக்குள் பெல்ட் பிரிந்திருக்கும். பிரேக் பிடித்தால் மட்டும் என்றால் டிரம்மையோ டிஸ்க்கையோ பாருங்கள். ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது என்றால் யூ ஜாயிண்ட், புரோப்பெல்லர் ஷாப்ட். ஸ்டியரிங் உதறினால் பெரும்பாலும் முன்சக்கரம், சீட் உதறினால் பின்சக்கரம். ஒரு வார்த்தை கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

வேகத்தைக் கேட்கும்போது ஒரு கணக்கு. 28 அங்குல டயர் இருந்த இடத்தில் 31 போட்டால் மீட்டர் குறைத்துக் காட்டும். மீட்டரில் 60 என்றால் நிஜத்தில் 66.

2. கழுவுங்கள். சிரிக்காதீர்கள். ரிம்முக்கு உள்பக்கம் காய்ந்த சேறு, பல் இடுக்கில் மாட்டிய கல், இதை எடுத்தாலே பாதி வண்டி சரியாகும். கழுவியபின் ரிம் ஓரத்தைப் பாருங்கள். பாறையில் உரசி ஈயம் கழன்று விழுந்திருந்தால் அது இருந்த தடம் மட்டும் சுத்தமாகத் தெரியும்.

3. காற்று அளவு பாருங்கள். நைலான் டயர் இரவு முழுக்க ஒரே இடத்தில் நின்றால் அடிப்பக்கம் தட்டையாகி, காலையில் கொஞ்ச தூரம் உதறும். சூடு ஏறினால் தானாகச் சரியாகும். அதற்கு ஈயம் ஒட்டினால், சூடான பிறகு ஈயமே உதறலாகிவிடும். பஞ்சர் ஆகாமல் இருக்க உள்ளே திரவம் ஊற்றிய டயரும் இப்படித்தான். வண்டி நிற்கும்போது எல்லாம் அடியில் தேங்கிவிடும்.

4. ஜாக்கி போட்டு ஆட்டிப் பாருங்கள். பின்சக்கரத்துக்குக் கட்டை, அச்சுக்கு அடியில் ஸ்டாண்டு, இரண்டும் இல்லாமல் வேண்டாம். டயரின் தலையையும் அடியையும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் போய்விட்டால் வீல் பேரிங். போகாவிட்டால் கிங்பின். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்டு தெரியும். பட்டை ஸ்பிரிங் ஜீப்பில் ஷேக்கிள் புஷ்ஷையும் விடாதீர்கள். பள்ளத்தில் விழுந்து எழுந்ததும் ஸ்டியரிங் தறிகெட்டு ஆடுகிற வண்டிக்கு நோய் பெரும்பாலும் இங்கேதான். பெரிய டயர் அந்த நோயைப் பெரிதாக்கிக் காட்டுகிறது.

5. சாக்பீஸ் சோதனை. மேலும் கீழும், இடமும் வலமும். ரிம்முக்குத் தனியாக, டயருக்குத் தனியாக. இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் போதும், உட்கார்ந்திருப்பவர் உடம்புக்குத் தெரியும். ரீட்ரேடு செய்த டயரில் இது ரொம்ப முக்கியம். பழைய ரப்பரைச் சீவும்போது மையம் தவறியிருந்தால் டயர் முட்டையாகிவிடும். புது ரப்பர் சேரும் இடத்தில் கனமும் கூடும். பக்கச்சுவரிலோ பல்லுக்கு அடியிலோ ஒரே இடத்தில் வீக்கம் தெரிந்தால் பேச்சே இல்லை. அந்த டயர் பாலன்சிங்குக்குப் போகக் கூடாது, குப்பைக்குத்தான் போக வேண்டும்.

6. முன்சக்கரத்தைப் பின்னால் மாற்றிப் பாருங்கள். உதறல் ஸ்டியரிங்கிலிருந்து சீட்டுக்குப் போனால் குற்றம் அந்தச் சக்கரத்தில். போகாமல் அங்கேயே நின்றால் குற்றம் வண்டியில். இதைவிட மலிவான சோதனை கிடையாது.

7. இத்தனைக்கும் பிறகு மிஷின். அங்கேயும் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. ஜீரோ வந்தபின் சக்கரத்தைத் தளர்த்தி, ஷாப்டின் மேல் அரைச்சுற்று திருப்பி, மறுபடி இறுக்கிச் சுற்றுங்கள். மறுபடியும் ஜீரோ வந்தால் சரி. 40, 50 கிராம் கேட்டால், மிஷினில் சக்கரம் மையத்தில் உட்காரவில்லை என்று அர்த்தம். கனமான சக்கரத்தில் இது சகஜம். கோன் சரியாகப் பிடித்ததா, ரிம் அகலமும் விட்டமும் சரியாகக் கொடுத்தோமா என்று பாருங்கள். ஒரே இடத்தில் 200 கிராமுக்கு மேல் கேட்டால் ஈயப் பெட்டியைத் திறக்காதீர்கள். டயரை ரிம்மில் அரைச்சுற்று திருப்பிப் போட்டுப் பாருங்கள். டயரின் கனமும் ரிம்மின் கனமும் எதிரெதிராக வந்தால் ஈயம் குறையும்.

8. வண்டியில் மாட்டும்போது ஹப் முகத்தில் துருவும் மண்ணும் இருக்கக் கூடாது. நட்டை வரிசையாக இறுக்காமல் ஒன்று விட்டு ஒன்றாக, நட்சத்திரம் போடுகிற மாதிரி இறுக்குங்கள். ஏழு வேலையும் சரியாகச் செய்துவிட்டு, எட்டாவதில் சக்கரத்தைக் கோணலாக மாட்டினால் எல்லாம் வீண்.

கடைக்காரர் பக்கமும் நியாயம் உண்டு

"இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் கடை நடத்த முடியுமா? வாசலில் நாலு வண்டி நிற்குது" என்று கேட்பார்கள். கேட்கட்டும், அதிலும் நியாயம் இருக்கிறது. ஈயத்துக்குக் கிராம் கணக்கில் காசு கேட்கலாம். அரை மணி நேரம் தேடியதற்குக் கூலி கேட்டால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருகிறார். "ஒண்ணுமே மாத்தல, எதுக்குக் காசு?" என்கிறார். கண்டுபிடிப்பதும் வேலைதான் என்பதை நம் ஜனங்கள் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் அதை எடுத்துச் சொல்ல வேண்டியது யார்? படித்த நாம்தானே! மூன்று தடவை ஈயத்துக்குக் கொடுத்த காசைவிட ஒரு தடவை தேடுவதற்குக் கொடுக்கும் கூலி மலிவு என்று கணக்குப் போட்டுக் காட்ட நமக்குத் தெரியும்.

பாரத்தோடு உருட்டிப் பார்க்கும் புது மிஷின்கள் வந்துவிட்டன, இனி சாக்பீஸ் எதற்கு என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் அது எல்லா ஊர்க் கடையிலும் இருக்காது. இருந்தாலும் கிங்பின் ஆட்டத்தை அது சொல்லாது. கேட்ட கேள்விக்கு மட்டும்தான் மிஷின் பதில் சொல்லும். என்ன கேட்பது என்று யோசிக்கத்தான் மனுஷன் வேண்டும். அந்த மனுஷன் டிப்ளமோ படித்தவனாக இருக்க வேண்டாமா?

மாணவர் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள்

நம் ஆய்வகத்தில் சக்கரம் கழற்றி மாட்டுகிறோம், மிஷினில் எண்ணைப் படித்து ரெக்கார்டு நோட்டில் எழுதுகிறோம். நல்ல சக்கரத்தைக் கொடுத்து, வர வேண்டிய விடையையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறார்கள். கெட்ட சக்கரத்தை எப்போது பார்க்கப்போகிறோம்?

ஆகவே மன்றம் நம் துறைத் தலைவரிடம் ஒரு கோரிக்கை வைக்க வேண்டும். வளைந்த ரிம் ஒன்று, பீடு உட்காத டயர் ஒன்று, மையம் தவறிய ரீட்ரேடு ஒன்று, தேய்ந்த கிங்பின்னோடு ஒரு முன் அச்சு. பழைய இரும்புக் கடையில் இவை எடைக்குக் கிடைக்கும். இவற்றை ஆய்வகத்தில் வைத்து, "இதில் என்ன குற்றம்?" என்று மட்டும் கேட்க வேண்டும். கண்டுபிடித்தவனுக்கு மார்க். ஈயம் ஒட்டியதற்கு மார்க் வேண்டாம். செய்முறைத் தேர்வில் ஒரே ஒரு கேள்வி இப்படி வரட்டும், மொத்த வகுப்பும் மாறிவிடும்.

இன்னொன்றும் கேட்கலாம். வருஷத்துக்கு ஒரு நாள் நம் ஊர் மெக்கானிக் அண்ணன்களைக் கல்லூரிக்கு அழைப்போம். சிறப்பு விருந்தினராக மேடையில் உட்கார வைத்துச் சால்வை போட மட்டும் இல்லை. ஆய்வகத்துக்குள் வரட்டும், சாக்பீஸ் பிடித்துக் காட்டட்டும். நாம் அவர்களுக்கு எம் ஆர் ஒமேகா ஸ்கொயரை விளக்குவோம். படிக்காதவர் என்று அவர்களை நாம் ஒதுக்குவதும், ஏட்டுச் சுரைக்காய் என்று நம்மை அவர்கள் சிரிப்பதும் இரண்டு தரப்புக்கும் நஷ்டம்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள். "படிச்ச புள்ள சொன்னா சரியா இருக்கும்" என்று ஊர் நம்பிக்கொண்டிருக்கிறது. நாளைக்கு ஒரு டிரைவர் நம்மிடம் வந்து "தம்பி, வண்டி உதறுது" என்பார். அவர் வண்டியில் பத்துப் பேர் ஏறப்போகிறார்கள். கை ஈயப் பெட்டிக்குப் போவதற்கு முன்னால் வாய் ஒரு கேள்வி கேட்கட்டும்: "எந்த வேகத்துலண்ணே உதறுது?"